35,000 ரூபாய்க்கு ‘பார்ட் டைம் உத்தரவாதம்’: நாகர்கோவில் கன்சல்டன்சி பேக்கேஜைப் பிரித்துப் பார்த்தால்

மார்க்கை முதலிலேயே போட்டுவிடலாம். வெளிநாட்டில் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கான அட்மிஷன், விசா ஃபைல் வேலைக்கு ஐந்துக்கு நாலு. ‘பார்ட் டைம் ஜாப் அசிஸ்டன்ஸ்’ என்று தனியாக விற்கிற பேக்கேஜுக்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிப்போகிற காருக்காக.

கடை நாகர்கோவிலில் இருக்கிறது. பெயர் வேண்டாம். வேப்பமூட்டிலிருந்து செட்டிகுளம் வரை நடந்தாலும், மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலும், மாடிக்கு மாடி இதே தொழில், இதே போர்டு, இதே விளம்பர அட்டை. ஒரு அட்டையைப் படிக்கத் தெரிந்தால் மற்றதையும் படித்துவிடலாம்.

அட்மிஷனுக்கு இந்தக் கடையில் காசு வாங்குவதில்லை. அது தர்மம் ஒன்றும் இல்லை. பிள்ளை சேர்ந்து முதல் வருடக் கட்டணம் கட்டியதும் பல்கலைக்கழகம் ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுக்கிறது. அதில் தப்பும் இல்லை, வேலையையும் ஒழுங்காகவே செய்கிறார்கள். மார்க் ஷீட், வங்கி இருப்பு, எஸ்.ஓ.பி. (ஏன் இந்தப் படிப்பு என்று மாணவர் எழுதும் கடிதம்) எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, 28 நாள் கணக்கில் பணம் குறையாமல் கிடந்ததா என்று தேதி எண்ணிப் பார்த்து, பிறகுதான் விசாவுக்குப் போடுகிறார்கள். ஒரு நாள் இருப்பு குறைந்தால் இங்கிலாந்து விசா போய்விடும் என்பது தெரிந்த ஆட்கள். பிரச்சினை மேஜையின் அடுத்த பக்கத்தில்.

‘பிள்ளை போன உடனே வேலை கிடைக்குமா மக்களே?’ என்று ரப்பர் வெட்டிப் பிழைக்கிற ஒரு அப்பா கேட்பார். ‘அங்கிள், பயப்படாதீங்க. மணிக்கு ஆயிரத்தி ஐந்நூறு ரூபா. வாரம் இருபது மணி நேரம். நீங்களே பெருக்கிப் பாருங்க’ என்று கால்குலேட்டர் அவர் பக்கம் திரும்பும். 2026 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் 21 வயது நிறைந்தவர்களின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. பவுண்டு 120 ரூபாய் என்று வைத்தால் 1,525 ரூபாய். இருபது மணிக்கு முப்பதாயிரம், மாதத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். பெருக்கலில் பிழை கிடையாது. அந்த ஒரு லட்சத்து இருபதாயிரத்தைப் பிள்ளை எங்கே செலவு செய்யும் என்பதுதான் அட்டையில் இல்லை.

அதே கணக்கைப் பவுண்டிலேயே வைத்துப் பார்ப்போம். 12.71-ஐ இருபதால் பெருக்கினால் வாரம் 254.20 பவுண்டு. வருடத்தின் 52 வாரமும் ஒன்றுகூட விடாமல் இருபது மணி நேரம் கிடைத்தால் மாதத்துக்குச் சராசரி 1,101 பவுண்டு. இனி விசா விண்ணப்பத்துக்குப் பிரிட்டிஷ் அரசே போட்டிருக்கிற கணக்கைப் பாருங்கள். லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு, லண்டனில் 1,529 பவுண்டு சாப்பாடு தங்கலுக்கு வேண்டும் என்று சொல்லி, ஒன்பது மாதத்துக்கான பணத்தைக் கணக்கில் காட்டச் சொல்கிறார்கள். அந்த ஃபைலைத் தயாரிப்பது இதே கன்சல்டன்சிதான். முழு இருபது மணியும் முதல் நாளிலிருந்து கிடைத்தால்கூட லண்டனுக்கு வெளியே மாதம் 70 பவுண்டு துண்டு விழுகிறது. ஒரே மேஜையின் ஒரு டிராயரில் 1,171, இன்னொரு டிராயரில் ‘ஃபீஸையும் அங்கேயே சம்பாதிச்சிடலாம்’.

முதல் நாளிலிருந்து கிடைக்கவும் கிடைக்காது. செப்டம்பர் நடுவில் இறங்கும் பிள்ளைக்கு வங்கிக் கணக்கு, ஷேர் கோடு (வேலை செய்யும் உரிமையைக் காட்டும் இணையக் குறியீடு), வீடு எல்லாம் சரியாகி, பத்து இருபது விண்ணப்பம் போட்டு, வேலையில் நிற்கும்போது நவம்பர் பாதி ஆகிவிடுவது சகஜம். பெரிய கடைகள் பலவற்றில் சம்பளம் மாதம் ஒரு தடவை. சம்பளக் கணக்கு மூடும் தேதிக்குப் பிறகு சேர்ந்தால் முதல் காசு அடுத்த மாதக் கடைசியில். அதன் பிறகு 44 வாரம், சராசரி 16 மணி நேரம் என்று வையுங்கள். வாரம் 203 பவுண்டு சொச்சம், மொத்தம் சுமார் 8,950 பவுண்டு. பன்னிரண்டு மாதச் செலவு அரசுக் கணக்குப்படி 14,052. துண்டு 5,100 பவுண்டு, நம் காசில் ஆறு லட்சத்துக்கு மேல். இது வாடகைக்கும் சோற்றுக்கும் மட்டும். ஃபீஸ் இதில் சேரவே இல்லை.

இன்னொரு சின்ன எழுத்து. பிளஸ் டூ முடித்து இளநிலைக்குப் போகிற 18 வயதுப் பிள்ளைக்குக் குறைந்தபட்சக் கூலி 12.71 இல்லை, 10.85. வாரத்துக்கு 217 பவுண்டு. அட்டையில் வயதுக்கென்று ஒரு கட்டமே கிடையாது.

கடன் பக்கத்தையும் பார்த்துவிடலாம். 20 லட்சம், 10.5 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 27,000 ரூபாய். படிக்கிற காலத்தில் வட்டி மட்டும் கட்டினாலே மாதம் 17,500. அதைப் பிள்ளை அங்கிருந்து அனுப்பவேண்டும் என்றால் மாதம் 146 பவுண்டு, அதாவது ஏற்கெனவே துண்டு விழுகிற இடத்திலிருந்து எடுக்கவேண்டும். வங்கிகளில் பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் ஈடு கேட்பார்கள். தோப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால், படிக்கிற காலத்து வட்டியை ஊரிலிருந்தே கட்டமுடியுமா என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். பார்ட் டைம் சம்பளத்தை அந்தக் கணக்கில் எழுதவே கூடாது.

சரி, 35,000 ரூபாய்க்கு என்ன தருகிறார்கள்?

சி.வி. தயாரித்துக் கொடுக்கிறார்கள். பார்த்தால் ஐ.டி. கம்பெனிக்கு அனுப்புகிற மூன்று பக்க பயோடேட்டா. அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணம் ஆனதா, கீழே ‘மேற்கண்டவை உண்மை என உறுதி கூறுகிறேன்’. சூப்பர் மார்க்கெட் மேனேஜருக்கு இதில் ஒன்றும் தேவையில்லை. அவருக்கு வேண்டியது ஒரு பக்கம்: எந்தெந்தக் கிழமை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வரமுடியும், எவ்வளவு தூரத்தில் குடியிருக்கிறாய், ஆட்களிடம் பேசிப் பழகிய வேலை ஏதாவது செய்திருக்கிறாயா. அம்மாவின் பேக்கரியில் கல்லாவில் நின்றது, சர்ச் திருவிழாவில் கூட்டம் ஒழுங்கு பண்ணியது, துணிக்கடையில் கோடை விடுமுறை வேலை, எல்லாம் அங்கே எடுபடும். பல்கலைக்கழகத்தின் கரியர்ஸ் அலுவலகத்தில் இந்த ஒரு பக்கத்தைக் காசு வாங்காமல் திருத்தித் தருவார்கள்.

நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் வாங்கித் தருவதாக ஒரு வரி. அது அரசுத் தளத்தில் இலவசம், அங்கே போய் இறங்கிய பிறகு மாணவரே போடவேண்டியது. அந்த எண் வரும்வரை வேலை செய்யக்கூடாது என்று பயமுறுத்தி அவசரக் கட்டணமும் கேட்கிறார்கள். தவறு. வேலை செய்யும் உரிமையை நிரூபித்தால் போதும், எண் வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்கலாம். உரிமையை நிரூபிப்பது ஷேர் கோடு. இ-விசா கணக்கில் நுழைந்து ‘வேலைக்கு’ என்று தேர்ந்தெடுத்தால் ‘டபிள்யூ’ எழுத்தில் தொடங்கும் ஒன்பது எழுத்துக் கோடு வரும், 90 நாள் செல்லும். வீடு வாடகைக்கு எடுக்கிற கோடு வேறு, அது ‘ஆர்’. வீட்டுக் கோடை வேலைக்குக் கொடுத்துவிட்டு ‘சிஸ்டம் எடுக்கல’ என்று குழம்பி நிற்பது சாதாரணம். ஷேர் கோடுடன், பல்கலைக்கழகம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை டெர்ம் (படிப்பு நடக்கும் காலம்) என்று சொல்லும் கடிதத்தையும் முதலாளி வாங்கி வைக்கவேண்டும். சரிபார்க்காமல், வேலை செய்ய அனுமதி இல்லாத ஒருவரை வைத்துக்கொண்டால் முதல் தடவையே ஒரு ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. அதனால்தான் அவர்கள் கறாராக இருக்கிறார்கள். நம் பிள்ளைமேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சிம் கார்டு, வங்கிக் கணக்கு: இரண்டுக்கும் காசு தேவையில்லை. ‘ஜாப் லிங்க்ஸ்’ வாட்ஸ்அப் குழுவில் வருவது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய வேலைத் தளங்களின் லிங்க்.

அடுத்த வரிதான் ஆபத்தானது: ‘எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்’. இல்லாத ஹோட்டலில் ஒரு வருடம் வேலை பார்த்ததாக லெட்டர் பேடு அடித்துத் தருவார்கள். வேலை கேட்கிற இடம் கேர் ஹோமாக (முதியோர் பராமரிப்பு இல்லம்) இருந்தால் அந்தக் கடிதத்தில் உள்ள ஆளுக்கு நேரடியாக மின்னஞ்சல் போட்டுக் கேட்பார்கள். பதில் வராவிட்டால் வேலை போகும். பொய் என்று தெரிந்தால் பின்னால் போடுகிற விசாவுக்கும் அது வந்து நிற்கும். இதை மறுத்துவிடுங்கள். ‘அதை மட்டும் அடிச்சுட்டு மிச்சத்தைத் தாங்க’ என்று சொன்னால் தருகிறார்கள்.

கடைசி வரி, ‘எம்ப்ளாயர் ஆஃபர் லெட்டர்’. விசா கையில் வருவதற்கு முன்பே ஒரு ஏஜென்சி பெயரில் வேலைக் கடிதம். அங்கே உள்ள முதலாளி ஆளின் உரிமையைச் சரிபார்க்காமல் வேலை கொடுக்கமுடியாது. மாணவருக்கோ விசாவே வரவில்லை. பிறகு அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு? தவிர, வெளிநாட்டில் வேலை வாங்கித் தருகிறேன் என்று காசு வாங்குவது ஆள் சேர்ப்பு. அதற்கு 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு உண்டா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். கல்வி ஆலோசனை என்று போர்டு வைத்தவரிடம் ‘உங்க பதிவு எண் எத்தனை?’ என்று கேளுங்கள். அந்த வரி அட்டையிலிருந்து தானாக மறையும்.

ஏர்போர்ட் கார் வந்தது, நேரத்துக்கு வந்தது. அதற்குத்தான் அந்த ஒரு மார்க்.

இருபது மணி நேரம் என்றால் எந்த இருபது?

பேக்கேஜில் ஒரு மணி நேர ‘ப்ரீ டிபார்ச்சர்’ வகுப்பு உண்டு. ‘வாரம் இருபது மணி, லீவில் ஃபுல் டைம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மாணவர்கள் மாட்டிக்கொள்வது அந்த ஒரு வரிக்குள் இருக்கிற மடிப்புகளில்தான்.

வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. சராசரி கிடையாது, போன வாரம் 14 செய்தேன், இந்த வாரம் 26 செய்கிறேன் என்பது செல்லாது. இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டும் சேர்த்து இருபது. சம்பளமில்லாத வேலையும் கணக்கில் வரும், ‘டிரையல் ஷிஃப்ட்’ என்று காசு தராமல் நாலு மணி நேரம் நிற்கவைத்தாலும் அது நாலுதான். கேர் ஹோம் இரவு ஷிஃப்ட் பல இடங்களில் பன்னிரண்டு மணி நேரம். சனி இரவு எட்டு முதல் ஞாயிறு காலை எட்டு வரை ஒன்று, ஞாயிறு இரவு எட்டு முதல் திங்கள் காலை எட்டு வரை இன்னொன்று என்று எடுத்தால், நள்ளிரவு தாண்டிய எட்டு மணி நேரம் அடுத்த வாரத்துக் கணக்கு. முதல் வாரத்தில் 16, அடுத்த வாரத்தில் ஏற்கெனவே 8. அது தெரியாமல் அடுத்த வாரம் வெள்ளி இரவு ஒரு முழு ஷிஃப்டும் சனியன்று ஒரு அரை ஷிஃப்டும் எடுத்தால் எல்லை தாண்டிவிடும். சம்பள விவரம் வரித்துறைக்குப் போகிறது. யாருக்கும் தெரியாது என்று ஊர்க்காரப் பிள்ளைகள் சொல்வதை நம்பவேண்டாம். மீறல் தெரிந்தால் பல்கலைக்கழகம் ஸ்பான்சர்ஷிப்பை விலக்கலாம், விசா குறுகும், பின்னால் வரவேண்டிய கிராஜுவேட் விசாவும் (படிப்பு முடிந்தபின் தங்கி வேலை பார்க்கிற விசா) போகும்.

பட்டப் படிப்புக்குக் கீழே உள்ள கோர்ஸ்களுக்கு இருபதும் கிடையாது, பத்துதான். ‘ஃபவுண்டேஷன் இயர் போட்டு உள்ள நுழைஞ்சிடலாம்’ என்று ஆசை காட்டும் இடத்தில் இதை யாரும் சொல்வதில்லை.

‘லீவில் ஃபுல் டைம்’ என்பதும் பாதி உண்மை. இளநிலை மாணவருக்குக் கோடை விடுமுறை உண்டு. ஒரு வருட முதுநிலைக்குப் போகிறவருக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை டிசர்ட்டேஷன் (ஆய்வுக் கட்டுரை) காலம், பெரும்பாலும் அது டெர்ம்தான். கிறிஸ்மஸ், ஈஸ்டர் இடைவெளி மட்டுமே அவருக்கு முழு நேரம், அதுவும் பல்கலைக்கழகம் எழுத்தில் கொடுக்கும் தேதிப்படி. கோர்ஸ் முடிந்த பிறகு விசா மீதமிருக்கும் நாட்களில் முழு நேரம் செய்யலாம். நம் மாவட்டத்திலிருந்து போகிறவர்களில் ஒரு வருட முதுநிலைக்காரர்கள் நிறைய என்பதால், கடையில் போடுகிற ‘கோடையில் மூன்று மாதம் நாற்பது மணி’ கணக்கை முழுசாக அடித்துவிடவேண்டும்.

டெலிவரி ஆப். இதைத் தனியாகவே சொல்லவேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் மாணவர் விசாவில் சுயதொழில் தடை. டெலிவரூ, ஊபர் ஈட்ஸில் ஓட்டுகிறவர் சம்பள ஆள் இல்லை, சுயதொழில் செய்கிறவர். ஒரு மணி நேரம் ஓட்டினாலும் மீறல்தான், இருபது மணிக் கணக்கே அங்கே எழாது. வேறொருவர் ஐ.டி.யை வாரத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்து ஓட்டுவது அதைவிட மோசம்: விபத்து நடந்தால் காப்பீடு இல்லை, காசை ஐ.டி. சொந்தக்காரர் பிடித்துக்கொண்டால் புகார் கொடுக்கவும் வழியில்லை. வகுப்பு எடுத்த கவுன்சலர் ‘சைக்கிள் மட்டும் வாங்கினா போதும்’ என்று சொல்லியிருந்தால், அந்த வகுப்புக்கு நெகட்டிவ் மார்க் போடலாம்.

வரி விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. வருடத்துக்கு 12,570 பவுண்டு வரை வருமான வரி இல்லை. வாரம் இருபது மணி நேரக்காரர் அந்த எல்லையைத் தொடுவதே அபூர்வம். ஆனால் இரண்டாவது வேலையில் ‘பி.ஆர்.’ என்று வரிக் கோடு விழுந்தால் முழுத் தொகைக்கும் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள். முக்கிய வேலையின் பே ஸ்லிப்பில் ‘1257 எல்’ (12,570 வரை வரி இல்லை என்கிற கோடு) என்று இருக்கிறதா என்று முதல் மாதமே பார்த்து, தவறாக இருந்தால் வரித்துறையிடம் சொன்னால் திரும்பி வரும். இன்னொன்று விடுமுறைச் சம்பளம். நேரம் நிலையில்லாத வேலையில், செய்த மணி நேரத்தில் 12.07 சதவீதம் விடுமுறையாகச் சேரும். இருபது மணிக்கு இரண்டரை மணி அளவு. கேட்காமல் வேலையை விட்டுப் போகிற பிள்ளைகள் அதைச் சும்மா விட்டுவிட்டுப் போகிறார்கள்.

‘கேர் ஹோமில் பார்ட் டைமாக நுழைந்து, அங்கேயே ஸ்பான்சர் வாங்கி நின்றுவிடலாம்’ என்பது நர்சிங் முடித்த பிள்ளைகளிடம் விற்கிற தனிக் கதை. 2025 ஜூலை 22 முதல் கேர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் வழி மூடியாயிற்று. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் மாறுவதற்குக் கட்டுப்பாடுகளோடு ஒரு இடைக்கால வழி இருக்கிறது, அதுவும் 2028 ஜூலை வரைதான். கிராஜுவேட் விசாவும் இப்போது இரண்டு வருடம் என்றாலும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம். 2026 செப்டம்பரில் சேர்கிற ஒரு வருட முதுநிலைப் பிள்ளைக்குப் பொருந்துவது பதினெட்டு மாதம்தான். கடை அட்டையில் இன்னமும் ‘2 இயர்ஸ்’.

மற்ற நாடுகளின் அட்டைகள்

கனடா அட்டையில் இருபது மணி என்று பழைய எண். 2024 நவம்பர் 8 முதல் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம். படிப்பு தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம்கூடக் கூடாது. ஒன்ராறியோ மாகாணத்தில் 2025 அக்டோபர் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர், 24 மணிக்கு 422.40, மாதத்துக்குச் சராசரி 1,830. கனடா அரசு ஒரு ஆளுக்குக் காட்டச் சொல்லும் செலவுப் பணம் வருடத்துக்கு 22,895 டாலர், மாதம் 1,908. இங்கேயும் அதே கதைதான், பிடித்தம் போவதற்கு முன்பே துண்டு. வேலை பார்க்க சின் (சமூகக் காப்பீட்டு) எண் வேண்டும், அது இலவசம்.

ஆஸ்திரேலியாவில் மட்டும் கணக்கு கொஞ்சம் கைகொடுக்கிறது. 2025 ஜூலை முதல் குறைந்தபட்சக் கூலி 24.95 டாலர், கேஷுவல் (நிரந்தரமில்லாத) ஆளுக்கு 25 சதவீதம் கூடுதல் சேர்ந்து 31.19. அதற்கு மேல் 12 சதவீதம் சூப்பர் என்னும் ஓய்வூதியப் பங்கு, நாடு திரும்பும்போது வரி போக மீதி கிடைக்கும். ஆனால் இதெல்லாம் கணக்கில் வருகிற சம்பளத்துக்கு. மளிகைக் கடையிலும் சமையலறையிலும் ‘கேஷ் ஜாப்’ என்று மணிக்குப் பாதிக் கூலி கையில் கொடுப்பவர்களில் நம் ஆட்களும் உண்டு. பே ஸ்லிப் இல்லை, சூப்பர் இல்லை, கையை வெட்டிக்கொண்டால் காப்பீட்டை நிரூபிக்கத் தாளும் இல்லை. ‘ஏ.பி.என். எடுத்துட்டு வா’ (சொந்தத் தொழில் செய்பவருக்கான பதிவு எண்) என்று கடைக்காரர் சொன்னால், சம்பள ஆளை ஒப்பந்தக்காரராகக் காட்டி சூப்பரைத் தவிர்க்கப் பார்க்கிறார் என்று பொருள். மாணவர் விசாவில் இருந்தாலும் கூலிப் புகார்களைப் பார்க்கிற அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஒம்பட்ஸ்மனிடம் புகார் கொடுக்கலாம்.

அங்கே எல்லை இரண்டு வாரத்துக்கு 48 மணி. இதிலும் ஒரு கண்ணி. இரண்டு வாரம் என்பது எந்தத் திங்களிலிருந்தும் தொடங்கும் 14 நாள். நாலு வாரம் 20, 28, 24, 20 என்று செய்தால் ஜோடி ஜோடியாகப் பார்க்கும்போது 48, 44 என்று அழகாக இருக்கும். நடுவில் உள்ள இரண்டாவது, மூன்றாவது வாரத்தைக் கூட்டினால் 52. மீறல். கடையில் வகுப்பு எடுத்தவருக்கு இது தெரியவில்லை.

ஜெர்மனிக்கு அட்டையே தப்பு, ‘வாரம் 20 மணி’ என்று மட்டும் போட்டிருக்கிறது. அங்கே 2024 மார்ச் முதல் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். நாலு மணி நேரம் வரை அரை நாள். 2026-இல் கூலி மணிக்கு 13.90 யூரோ, மினிஜாப் என்னும் சிறு வேலைக்குச் சம்பள எல்லை மாதம் 603 யூரோ, அதாவது 43 மணி நேரம். ஜெர்மன் பேசத் தெரியாவிட்டால் கிடங்கு, சுத்தம் செய்கிற வேலை என்று வழி சுருங்கும். 35,000 ரூபாயை இங்கே ஜெர்மன் மொழியை பி1 நிலை வரை படிப்பதற்குப் போடுவது ஆயிரம் மடங்கு மேல். அயர்லாந்து: டெர்மில் 20, ஜூன் முதல் செப்டம்பர் வரையும் டிசம்பர் 15 முதல் ஜனவரி 15 வரையும் 40. அமெரிக்காவுக்கு இந்தப் பேக்கேஜை விற்கவே கூடாது. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் முதல் வருடம் வளாகத்துக்கு வெளியே வேலை கிடையாது, வளாகத்துக்குள் வாரம் இருபது. பெட்ரோல் பங்க்கில் நிற்கலாம் என்று சொல்கிறவர் பிள்ளையின் விசா ஸ்டேட்டஸோடு விளையாடுகிறார்.

அந்த 35,000 ரூபாய் கையில் இருந்தால்

பாஸ்போர்ட் சேவைத் தளத்தில் 500 ரூபாய் கட்டி போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் எடுத்துவைக்கலாம். கேர் ஹோம், பள்ளி வேலைக்கு அது கேட்பார்கள், அங்கே போய் எடுத்தால் அலைச்சல். மின்னஞ்சலுக்குப் பதில் போடுகிற இரண்டு பேரை ரெஃபரன்ஸுக்குப் பேசிவைக்கவேண்டும்: ஒரு கல்லூரி ஆசிரியர், வேலை பார்த்த இடத்து முதலாளி ஒருவர். சொந்தக்காரர் கூடாது. கறுப்பு பேன்ட் இரண்டு, வழுக்காத கறுப்பு ஷூ ஒரு ஜோடி வடசேரியிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டால், ஹோட்டல், கேட்டரிங் ஷிஃப்டுக்கு முதல் நாளே நிற்கலாம். பேசுகிற ஆங்கிலத்துக்கு ஒரு மாதம் செலவிடுவது எல்லாவற்றையும்விட முக்கியம். ஐ.இ.எல்.டி.எஸ். மார்க் வேறு, ‘பால் எந்த வரிசையில் இருக்கு?’ என்று கிழவர் ஒருவர் வேகமாகக் கேட்பதைப் புரிந்துகொள்வது வேறு. மிச்சக் காசோடு இரண்டு மாதச் செலவுப் பணத்தை, கடனில் சேராமல், தனியாக எடுத்துப் போகவேண்டும்.

எந்த இன்டேக் (சேர்க்கைப் பருவம்) என்பதிலும் வேலை அடங்கியிருக்கிறது. செப்டம்பரில் போனால் கிறிஸ்மஸுக்கு ஆள் எடுக்கும் அக்டோபர், நவம்பர் கையில் இருக்கும். ஜனவரியில் போகிறவர், கடைகள் கிறிஸ்மஸ் ஆட்களை நிறுத்தி, ஜீரோ ஹவர் காண்ட்ராக்ட்காரர்களுக்கு மணி நேரத்தைக் குறைக்கிற சமயத்தில் போய் நிற்பார். ஜீரோ ஹவர் என்றால், வேலை உண்டு, ஆனால் இந்த வாரம் எத்தனை மணி என்ற உறுதி இல்லை. ஜனவரி இன்டேக்கில் சீட் சுலபம் என்று கடையில் தள்ளிவிடும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் கூடுகிற ஞாயிறு ஆராதனை வழியாக வேலைத் தகவல் வருவது நம் மாவட்டத்துக்கே உள்ள வசதி, அதற்கு அட்டை வேண்டாம். ஆனால் தகவல் சொன்னதற்கு முதல் வாரச் சம்பளத்தைக் கேட்கிற ஆள் அங்கேயும் இருப்பார். கொடுக்கவேண்டாம்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு. இந்தக் கடையில் ரசீதில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று மட்டும் எழுதுகிறார்கள். ஒப்பந்தத்தில் ‘வேலை கிடைப்பது மாணவரின் முயற்சியைப் பொறுத்தது’ என்று ஆறாவது வரியில் ஒளிந்திருக்கிறது. எனவே ‘பார்ட் டைம் உத்தரவாதம்’ என்று அச்சடித்த அட்டையையும், கவுன்சலர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும் அழிக்காமல் வையுங்கள். முதலில் மின்னஞ்சலில் பணத்தைத் திருப்பிக் கேட்டு, பதினைந்து நாள் கெடு கொடுங்கள். பதில் இல்லாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாகவேண்டும் என்பதும் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்திலேயே தாக்கல் செய்யலாம். பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறது என்பது தடை இல்லை, பிள்ளை எழுதிக்கொடுக்கிற அதிகாரக் கடிதத்தோடு அப்பாவோ அம்மாவோ நிற்கலாம். ரசீது யார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.